அவள் குப்புறப் படுத்திருந்த நாட்கள்

என் மனைவியை வென்டிலேட்டரில் இணைத்த மறுநாள் மாலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் என்னை உள்ளே அழைத்து, "இன்றிரவு இவங்களைக் குப்புறப் படுக்க வைக்கப் போகிறோம். குறைந்தது பதினாறு மணி நேரம் அப்படியே இருப்பாங்க. முகமெல்லாம் வீங்கிப் போகும், பார்த்துப் பயந்துவிடாதீங்க" என்றார். அவர் பேசிய மற்றவை என் காதில் விழவில்லை. குப்புற என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் குழாயும் கழுத்தில் ஊசியும் இருக்கும் ஒருத்தியை எப்படிக் கவிழ்ப்பார்கள் என்று யோசித்தபடி நின்றிருந்தேன்.

நான்கு நாள் காய்ச்சல்தான் தொடக்கம். அது நிமோனியாவாக மாறியதும், கிருமித் தொற்று இரத்தம் வரை பரவி உடல் முழுவதும் கொந்தளித்ததும், இரத்த அழுத்தம் இறங்கியதும் எல்லாம் ஒன்றரை நாளுக்குள் நடந்து முடிந்தன. நுரையீரலின் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொண்டு பிராணவாயு இரத்தத்துக்குள் போக வழியில்லாமல் ஆகிவிடும் நிலையை மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. அவளுக்குக் கருவி கொடுத்துக்கொண்டிருந்தது 100. அதற்கு மேல் கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்பது கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும்.

குழாய் பொருத்துவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அவள் முகமூடியைச் சற்று விலக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சைச் செலவழித்து, "பயப்படாதீங்க. நான் சொல்லியிருக்கேன்" என்றாள். அதற்குள் செவிலியர் முகமூடியை மீண்டும் பொருத்திவிட்டார். யாரிடம் சொல்லியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதாகவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பிரார்த்தனை அவளுடைய துறை. விடியுமுன் எழுந்து அரை மணி நேரம் கண்மூடி அமர்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் அந்த அறையைக் கடக்க நேர்ந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டுதான், ஆனால் அது ஒரு சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டிவிட்டு ஒரு கூட்டத்துக்கும் போகாதவனின் உறுப்பினர் நிலை. அவள் போகிறாள், வீட்டின் சார்பில் ஒருவர் போதும் என்று இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன்.

இப்போது போகிறவள் மயக்க மருந்தில் கிடந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, அவளைத் திருப்பியதைப் பார்த்தேன். ஐந்து பேர் சேர்ந்து செய்தார்கள். தலைமாட்டில் நின்றவர் சுவாசக் குழாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எண்ணினார். மற்ற நால்வரும் அவர் எண்ணுக்கு ஏற்ப முதலில் ஓரத்துக்கு நகர்த்தி, பிறகு பக்கவாட்டில் நிறுத்தி, பிறகு மெதுவாகக் கவிழ்த்தார்கள். ஒரு கை தலைக்கு மேலே மடங்கியிருக்க, மறு கை உடலோடு ஒட்டியிருக்க, முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மல்லாந்து படுக்கும்போது இதயமும் கோத்த நீரும் நுரையீரலின் முதுகுப் பக்கத்தை அமுக்கிவிடுகின்றன என்றும், அதிகமான நுண்ணறைகள் இருப்பது அந்தப் பக்கத்தில்தான் என்றும், கவிழ்த்தால் அவை திறந்துகொள்ள வாய்ப்புண்டு என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே நோய் கடுமையாக இருந்த 466 பேரில், மல்லாந்தே படுத்திருந்தவர்களில் 100-க்கு 33 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். நாள்தோறும் நீண்ட நேரம் கவிழ்த்துப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 பேர்தான். இதையெல்லாம் நான் அன்றிரவே தேடிப் படித்தேன். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. நெற்றி தாழ்ந்து, முகம் கவிழ்ந்து, தன்னை முழுவதுமாக விட்டுக்கொடுத்துக் கிடக்கும் அந்தக் கோலத்தை நான் வழிபாட்டு இடங்களில்தான் பார்த்திருக்கிறேன். எந்த மதத்தவராக இருந்தாலும் உச்சத்தில் மனிதர்கள் செய்வது அதுதான். அவள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மருத்துவம் தெரிந்த ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்த இரவைக் கடக்க எனக்கு அது உதவியது.

என் சொந்தப் பிரார்த்தனை அவ்வளவு கண்ணியமாக இல்லை. முதல் மூன்று நாள் நான் செய்தது பேரம். என் கோபத்தை விட்டுவிடுகிறேன், தம்பியோடு இருக்கும் நிலத் தகராறை நானே முடித்துக்கொள்கிறேன், ஓய்வுக்காலப் பணத்தில் பாதியை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். அடுத்த நாள் பிராணவாயு அளவு குறையவில்லை என்றதும் பாதியை முக்காலாக்கினேன். ஒரு கட்டத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. எதிரே இருப்பவர் ஒரு வியாபாரி என்றும், சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருக்கிறார் என்றும் நம்பினால்தான் இப்படிப் பேச முடியும். அப்படிப்பட்ட ஒருவரையா என் மனைவி விடியுமுன் எழுந்து பார்க்கப் போனாள்? அவரை அவள் எப்படி அறிந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது என்பதும், இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அதைக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

காத்திருப்புக் கூடத்தில் இரவு தங்குபவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். ஒருவர் கையில் மணிமாலை, ஒருவர் மடியில் வேதப் புத்தகம், ஒருவர் சுவரைப் பார்த்து நின்று தொழுதார், இன்னொருவர் தனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். ஒவ்வொரு இரவும் ஒன்பது மணி வாக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் வெளியே வந்து அன்றைய நிலையைச் சொல்வார். சொல்லி முடித்ததும் என்னிடம், "உங்க பி.பி. மாத்திரையைப் போட்டாச்சா?" என்று கேட்பார். வீட்டில் அந்த மாத்திரையை இரவுதோறும் என் கையில் கொடுப்பது என் மனைவி. அவள் இல்லாத முதல் இரவே நான் மறந்திருந்தேன். என் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்பது அவர்களுடைய நடைமுறை போலும் என்று எடுத்துக்கொண்டு, கேட்டதும் எடுத்து விழுங்கினேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நல்ல மனதோடு வந்தார்கள். ஆனால் நல்ல மனதோடு வருபவர்கள் பேசும் பேச்சு இருக்கிறதே, அதற்கு ஒரு தனி வலி உண்டு. "முழு நம்பிக்கையோடு கேட்டால் கொடுக்காமல் இருக்கமாட்டார்" என்றார் உறவினர் ஒருவர். இதன் மறுபக்கத்தை அவர் யோசித்திருப்பாரா? கொடுக்கப்படாவிட்டால், கேட்டவனின் நம்பிக்கை முழுமையானது அல்ல என்று ஆகிறது. அதாவது என் மனைவி இறந்தால் அதற்கு நானும் ஒரு காரணம். மற்றொருவர் எல்லாம் ஒரு நன்மைக்காகவே நடக்கிறது என்றார். அந்த நன்மை என்னவென்று கேட்டிருக்கலாம், ஆனால் சண்டை போடத் தெம்பு இல்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் மட்டும் வந்து, எதுவும் சொல்லாமல், இரண்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, என் கைபேசி மின்னூட்டியை வாங்கிக்கொண்டு போய் அதற்கு நீளமான கம்பி ஒன்று மாற்றிக் கொண்டுவந்தார். ஆறுதல் என்பதற்கு என்னிடம் இன்றும் அதுதான் உதாரணம்.

அடுத்த படுக்கையில் இருந்தவரின் மனைவிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவரை அம்மா என்றுதான் அழைத்தேன். அவர் பிரார்த்தித்த விதம் எனக்கு என் மனைவியை நினைவூட்டியது. கேட்பவர் போல அல்ல, பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பவர் போல இருப்பார். என்னிடம் ஒருநாள், "உங்கள் வீட்டுக்காரி பெயர் என்ன தம்பி? பெயர் தெரியாமல் சொல்வது கஷ்டமாக இருக்கிறது" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழாம் நாள் அதிகாலையில் அவருடைய கணவர் இறந்தார். நான் அறிந்த மனிதர்களில் நம்பிக்கையை ஓர் அளவுகோலால் அளக்க முடியுமானால் அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து மடங்கு இருந்திருக்கும். அவர் கேட்டது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு 'முழு நம்பிக்கையோடு கேட்டால்' என்று யார் தொடங்கினாலும் நான் எழுந்து போய்விடுவேன், இன்றுவரை.

தூக்கம் வராத இரவுகளில் கைபேசியில் எதையெதையோ படித்தேன். பிரார்த்தனையை மருந்துபோலச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2006-இல் அமெரிக்காவில் வெளியானது. இதயத்துக்குச் செல்லும் குழாய்களில் மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, முன்பின் அறியாதவர்களைக் கொண்டு இரண்டு குழுவினருக்காக மட்டும் பிரார்த்திக்க வைத்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாமலிருந்த இரண்டு குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. பிரார்த்தித்தாலும் பிரார்த்திக்காவிட்டாலும் வேறுபாடு இல்லை. தமக்காக நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட குழுவில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல். இதைப் படித்ததும் மனம் உடைந்திருக்க வேண்டும். மாறாக ஒரு பாரம் இறங்கியது. என் சொற்களின் எண்ணிக்கையும் அழுத்தமும் அவளுடைய நுரையீரலைத் திறக்கும் திருகுகள் அல்ல என்றால், ஒரு மணி நேரம் நான் கண்ணயர்ந்துவிட்டதால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அன்றிரவு நாற்காலியிலேயே நான்கு மணி நேரம் தூங்கினேன்.

இன்னொரு செய்தி என்னோடு அதிகமாகத் தங்கியது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவி, சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தபோது, மூச்சுவிட உதவும் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஒரு இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். ஆனால் பையை அமுக்குவதற்கு ஒரு கை வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம், இரவும் பகலும், வாரக்கணக்கில். அந்த வேலைக்கு மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், ஏறத்தாழ 1,500 பேர். முறைபோட்டுக்கொண்டு, ஒரு குழந்தையின் தலைமாட்டில் ஒருவர் அமர்ந்து அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான் என்கிறார்கள். என் மனைவியின் தலைமாட்டில் உறுமிக்கொண்டிருந்த கருவிக்கு முன்னோர் ஓர் இருபது வயது மாணவனின் வலிக்கும் மணிக்கட்டு என்று தெரிந்த பிறகு, அந்தக் கருவியின் மேல் எனக்கிருந்த பயம் போய்விட்டது. கடவுள் இதில் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், பையை அமுக்கிய கையைத்தான் காட்டுவேன். ஆனால் இந்தப் பதில் எனக்கே முழு நிறைவு தருவதில்லை, ஏனென்றால் அந்த அம்மாவின் கணவருக்கும் கைகள் குறைவில்லாமல்தான் உழைத்தன.

ஆறாம் நாள் மாலை நடந்ததை எழுதுவதற்குத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன். மருத்துவர் என்னைச் சிறிய அறை ஒன்றில் உட்கார வைத்தார். சிறிய அறை, மூடிய கதவு, மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கிறது என்றும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகிறது என்றும், ஏ.ஆர்.டி.எஸ். இந்த அளவுக்குக் கடுமையாக இருந்தால் 100-க்கு 45 பேர் பிழைப்பதில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். பிறகு, இதயம் நின்றுபோனால் மார்பை அமுக்கி மறுபடி இயக்கும் முயற்சியைச் செய்ய வேண்டுமா என்று கேட்டார். உடனே பதில் வேண்டாம், அவர் எப்படிப்பட்டவர், எதை விரும்பியிருப்பார் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எல்லாவற்றையும் செய்யுங்கள், முடிவைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும். நம்பிக்கையுள்ளவர்கள் அப்படித்தான் சொல்கிறோம். முற்றிய புற்றுநோய் கொண்ட 345 பேரை இறுதிவரை தொடர்ந்து கவனித்து 2009-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, சமய நம்பிக்கையை அதிகமாகப் பற்றிக்கொண்டவர்களே கடைசி வாரத்திலும் கருவிகளோடு இணைக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. வெளியே இருப்பவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம்; அப்பால் ஒரு வாழ்வு உண்டு என்று நம்புகிறவர்கள் ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறார்கள்? அந்த அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் முரண் இல்லை. கையை விட்டால், நம்பவில்லை என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்ற பயம் அது. அற்புதம் நடக்கவிருந்த நேரத்தில் கதவைச் சாத்தியவன் நான் என்று ஆகிவிடுமோ என்ற பயம். நம்பிக்கை என்று நாம் அழைப்பதில் பாதி இந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, குறைந்தபட்சம் என்னுடையதில்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மீளக்கூடிய நோயா? இப்போது செய்யும் சிகிச்சை அவளுக்கு வலிக்கிறதா? நீங்களே நிறுத்தச் சொல்லும் ஒரு கட்டம் வந்தால் என்னிடம் ஒளிக்காமல் சொல்வீர்களா? மீளக்கூடியதுதான், அதனால்தான் போராடுகிறோம் என்றார். வலி தெரியாத அளவுக்கு மருந்து ஓடுகிறது என்றார். மூன்றாவதற்கு, "சொல்வேன்" என்று மட்டும் சொன்னார். அப்படியானால் இப்போதைக்கு எல்லா முயற்சியும் நடக்கட்டும், நீங்கள் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று சொல்லும் நாளில் அவளை மேலும் துன்புறுத்தமாட்டேன் என்று பதில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அவ்வளவு தெளிவு என்னிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. 'நான் சொல்லியிருக்கேன்' என்ற அவளுடைய சொல் எனக்குப் பின்னால் ஒரு சுவர்போல இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிரவு செய்த பிரார்த்தனையில் அவளுடைய உயிரை நான் கேட்கவில்லை. நான் போக முடியாத இடத்தில் அவளோடு இரு என்று கேட்டேன். காலையில் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்க என் கால்களுக்குத் தெம்பு கொடு என்று கேட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. விளக்கு வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, நானும் நாற்காலியில் கவிழ்ந்து படுத்தேன்.

மறுநாள் காலையில் முன்னேற்றம் தெரிந்தது என்று எழுத முடிந்தால் இந்தப் பதிவு அழகாக இருக்கும். தெரியவில்லை. சிறுநீரகம் இன்னும் மோசமானது. அந்த அம்மாவின் கணவர் இறந்ததும் அன்று அதிகாலையில்தான். எட்டாம் நாள் எந்த அறிவிப்பும் இல்லாமல், பிராணவாயு 80-இலிருந்து 70 ஆனது. பிறகு 60. குப்புறப் படுக்க வைப்பது நின்றது. பத்தாம் நாள் 40 என்று எழுதியிருந்ததை நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன். மயக்க மருந்தைக் காலையில் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பதும், கருவியின் துணையைக் குறைத்து அவளாக மூச்சுவிடுகிறாளா என்று அரை மணி நேரம் சோதிப்பதும் தொடங்கின. முதல் இரண்டு சோதனைகளில் தோற்றாள். பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

அப்போது நன்றியில் நான் கரைந்துபோவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். நடந்தது வேறு. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள், ஆனால் நம்பவில்லை. கூரையில் எறும்புகள் வரிசையாகப் போகின்றன என்றாள். செவிலியர்கள் தன்னைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றும், நானும் அதற்கு உடந்தை என்றும் கரகரத்த குரலில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வென்டிலேட்டரில் இருந்து மீள்பவர்களில் மிகப் பலருக்கு இந்தக் குழப்பம் வரும், நாள் போகப் போகத் தெளியும் என்று செவிலியர் எனக்கு ஆறுதல் சொன்னார். பதின்மூன்று நாள் அழாதவன் அன்று கழிப்பறைக்குள் போய் அழுதேன். நம்பிக்கை எனக்கு மிகக் குறைவாக இருந்தது அவள் சாகக் கிடந்த நாட்களில் அல்ல. பிழைத்து, என்னை வெறுப்போடு பார்த்த அந்த மூன்று நாட்களில்தான். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. ஆபத்து வரும்வரை இறுக்கிப் பிடித்திருந்த கை, ஆபத்து நீங்கியதும் மரத்துப்போய்விடுகிறது போலும்.

வீட்டுக்கு வந்த பிறகு மெலிந்த கால்களோடு அவள் நடை பழகினாள். எனக்கு இரவில் கருவியின் எச்சரிக்கை ஒலி கேட்டு விழிப்பு வந்துகொண்டிருந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு வரும் இந்தப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவ உலகம் ஒரு பெயரே வைத்திருக்கிறது என்று அவளுடைய மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. பெயர் இருக்கிறது என்பதே பாதி நிம்மதி. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தோம், ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்னிடம் தனியாக, "அவரோடு நான் இன்னும் பேசவில்லை தம்பி. பேசுவேன். அவசரமில்லை" என்றார். கணவரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அல்ல என்று அவர் மேலே பார்த்த பார்வையில் புரிந்தது. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அருகில் இருக்கிறவர்களால்தான் அப்படிப் பேசாமலும் இருக்க முடியும். எனக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் ஓர் இரவில், நான் அந்த நாட்களில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவள் கேட்டாள். பேரம் பேசியதைச் சொன்னேன்; நிலத் தகராறைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள், அதை எப்படியும் முடிக்கத்தான் வேண்டும் என்றாள். ஆறாம் நாள் இரவு அவளுடைய உயிரைக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரியாத்தான் கேட்டிருக்கீங்க" என்றாள். அந்தத் துணிவில், அவள் குழாய்க்கு முன் என்னிடம் சொன்னதையும், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பதின்மூன்று நாளையும் கடந்தேன் என்பதையும் சொல்லி, "அப்படி அவரிடம் என்னதான் சொல்லியிருந்தாய்?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"எவரிடம்? நான் அந்த நர்ஸிடம்தான் சொன்னேன். ராத்திரி ஒன்பது மணிக்கு உங்களுக்கு மாத்திரை, நீங்களாகப் போடமாட்டீங்க, கொஞ்சம் கேளுங்கன்னு. கேட்டாங்களா?"

"கேட்டாங்க" என்றேன். "தினமும்."